கேட்டவர் கையில் மிஞ்சியது என்ன?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவி)

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்திப் பொழுது. போடிமெட்டிலிருந்து இறங்கிவந்த ஜீப்பிலிருந்து என் தாயார் ஒரு புதிய துணிப்பையுடன் இறங்கினார். பைக்குள் ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் இருந்தன. ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பூச்சிமருந்துப் பாதுகாப்பு பற்றி நடந்த ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்திருந்தார். விலங்கியல் படிக்கும் மாணவியாயிற்றே நான், ஆவலோடு கேட்டேன்.

“என்னம்மா சொல்லிக் குடுத்தாங்க?”

“மைக்கு நல்லாக் கேட்டுச்சு பாப்பா. நாலு பேரு பேசுனாங்க. கேசரியில நெய்யி கொஞ்சம் தூக்கல்.”

“அது சரி, மருந்தப் பத்தி என்ன சொன்னாங்க?”

அம்மா சற்று யோசித்தார். “சாக்கிரதையா இருக்கணும்னு சொன்னாங்க” என்றார்.

மூன்று மணி நேரக் கூட்டத்தில் அவர் கையில் மிஞ்சியது இந்த ஒரு வாக்கியந்தான். என் தாயாருக்குக் கையொப்பம் இட மட்டுமே தெரியும். அவருக்குக் கொடுத்த குறிப்பேட்டில்தான் இக்கட்டுரையின் முதற்படியை நான் எழுதினேன்.

முகாம் நடத்தியவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. வந்தவர்கள் படித்தவர்கள், பேசியது சரியான செய்தி, பணமும் செலவழித்திருக்கிறார்கள். இத்தனையும் இருந்து ஒன்றும் ஒட்டாமற் போனது ஏன் என்பதுதான் என்னை உறுத்தியது. மக்கள் நேரில் கூடும் ஒரு நிகழ்ச்சியை, அவர்கள் எதையேனும் உண்மையில் கற்றுக்கொண்டு வீடு திரும்பும்படி அமைப்பது எவ்வாறு? நம் கல்லூரியின் மன்றக் கூட்டங்களுக்கும் கண்காட்சிகளுக்கும் இக்கேள்வி பொருந்தும் ஆதலால், நான் பட்டறிந்ததையும் படித்தறிந்ததையும் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

‘மருந்து’ என்னும் பெயர்

எங்கள் வீடு முந்தல் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறது. பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் வேலைக்குப் போவார்கள். காய் எடுப்பு, களையெடுப்பு, கவாத்து ஆகியவை அவர்கள் வேலை. மருந்தடிப்பது பெரும்பாலும் ஆண்கள். ஆனால் ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடப்பது. காய் எடுப்பவர் குனிந்து, மருந்து படிந்த தட்டைகளுக்கு இடையே கையை நுழைத்துத்தான் காயைப் பறிக்க முடியும். இலைப்பேனுக்காகவும் காய்த் துளைப்பானுக்காகவும் ஆண்டில் பலமுறை மருந்தடிக்கிறார்கள். குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைகளும் அவற்றுள் உண்டு.

இவ்வகை நஞ்சு செய்யும் வேலையை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். நரம்பின் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்னும் பொருள், தன் வேலை முடிந்தவுடன் ஒரு நொதியால் சிதைக்கப்பட வேண்டும். நஞ்சு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. செய்தி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். வியர்வை பெருகும், எச்சில் ஊறும், கண்ணின் பாவை சுருங்கும், தசைகள் துடிக்கும். அதிகமானால் மூச்சு நிற்கும். தோட்டத்தில் வேலை செய்பவர் உடலுக்குள் இது பெரும்பாலும் புகுவது மூக்கின் வழியாக அன்று, தோலின் வழியாக. இத்தகைய ஒன்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயரோ மருந்து! ‘மருந்து அடிச்ச காட்டுல கை வச்சேன்’ என்று சொல்லும்போது யாருக்குத்தான் அச்சம் வரும்?

இவ்வளவும் தெரிந்தவள் நான். எனவே நானே பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை மாலை, காளியம்மன் கோயில் மந்தையில் பதினோரு பெண்கள் கூடினார்கள். எல்லாரும் எனக்குப் பெரியம்மா, சித்தி, அத்தை, மதினி முறை. பெரிய அட்டையில் நரம்புச் சந்திப்பை மூன்று வண்ணத்தில் வரைந்து தொங்கவிட்டு நாற்பது நிமிடம் பேசினேன். “புள்ள டாக்டரு மாதிரியே பேசுதுல்ல” என்றார் பெரியம்மா ஒருவர். கைதட்டினார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வராத அளவுக்குப் பெருமை. என் தாயார் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்தவாறே உறங்கிப் போயிருந்தார்; காலை நான்கு மணிக்கு எழுந்தவர், பாவம்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். பதினொருவரில் ஒருவர் கூடத் தம் வழக்கத்தில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. படம் நன்றாக இருந்தது என்றார்கள். கேசரி நன்றாக இருந்தது என்று அம்மா சொன்னதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கைதட்டலும் கற்றலும்

என் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் ஆறுதல் கூறவில்லை; ஒரு கேள்வி கேட்டார். “நீ பேசி முடித்த மறுநாள் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எண்ணியிருந்தாய்?” “நஞ்சைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், ஐயா” என்றேன். “அது செயல் இல்லையே அம்மா” என்றார். பிறகு படிப்பதற்குச் சில கட்டுரைகள் தந்தார்.

அவற்றுள் ஒன்று, அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. மாணவர்களுக்கு உரைநடைப் பகுதி ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே மறுமுறை படித்தனர். இன்னொரு சாரார் தாளை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுமுறை படித்தவர்களே முந்தினர்: அவர்கள் நூற்றுக்கு 81, மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்தவர்களிடம் மிஞ்சியது 42; நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களிடம் 56. மறுமுறை உள்ளே போட்டுக்கொள்வதைவிட, உள்ளே இருப்பதை வெளியே எடுக்க முயல்வதே நினைவை உறுதியாக்குகிறது என்பது இதன் பொருள். தேர்வுக்கு முதல் நாள் நான்கு முறை ‘ரிவிஷன்’ செய்கிற நம்மவர்கள் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

மற்றொன்று என் பெருமையை நேராகவே தாக்கியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களிடையே டெலோரியர் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்தி, 2019-இல் வெளியிட்டது. ஒரு பிரிவினர்க்குத் தேர்ந்த பேச்சாளர் தெளிவாக விரிவுரை ஆற்றினார். மற்றப் பிரிவினர் அதே பாடத்தைக் குழுவாக உட்கார்ந்து, தாமே முட்டி மோதிக் கணக்குப் போட்டுக் கற்றனர். சோதனையில் நன்கு விடையளித்தவர்கள் இரண்டாம் பிரிவினர். ஆனால் ‘நான் நிறையக் கற்றேன்’ என்ற மனநிறைவு விரிவுரை கேட்டவர்களுக்கே அதிகமாக இருந்தது! நல்ல பேச்சு வழுக்கிக்கொண்டு போகிறது; புரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தருகிறது. மந்தையில் எனக்குக் கிடைத்த கைதட்டல் அந்த மயக்கத்துக்குக் கிடைத்தது போலும்.

பேச்சே வேண்டாம் என்பதன்று என் கருத்து. கொல்லன் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்ற மைக்கேல் பாரடேயை விஞ்ஞானத்துக்கு இழுத்தது, 1812-இல் அவர் கேட்ட ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளே. ஆனால் அவர் வெறுமனே கேட்டுவிட்டு வரவில்லை. வீட்டுக்கு வந்து அவற்றை எழுதி, படம் வரைந்து, தாமே நூலாகக் கட்டினார். மறு ஆண்டில், இருபத்தொரு வயதில், ஒரு சொற்பொழிவு எப்படி அமைய வேண்டும் என்று நண்பருக்கு எழுதிய கடிதங்களில், ஒரு மணி நேரத்துக்கு மேல் எவரும் பேசலாகாது என்கிறார். நம் மன்றத் தொடக்க விழாக்களில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து சிறப்பு விருந்தினர் எழுந்து நிற்கும்போதே அந்த ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது என்பதைப் பணிவோடு குறிப்பிட விரும்புகிறேன்.

வயலே பள்ளி

பேராசிரியர் தந்தவற்றுள் எனக்கு வழிகாட்டியது இந்தோனேசிய நாட்டு உழவர் வயல்வெளிப் பள்ளியின் வரலாறு. அங்கே நெற்பயிரைப் புகையான் பூச்சி அழித்தது. மருந்தடிக்க அடிக்கப் புகையான் பெருகியதேயன்றிக் குறையவில்லை. அதைத் தின்னும் சிலந்திகளையும் வண்டுகளையும் மருந்து முன்னதாகவே கொன்றுவிட்டிருந்தது. 1986-இல் அரசு நெல்லுக்குரிய 57 வகை மருந்துகளைத் தடை செய்தது. ஆனால் நீண்ட நாள் வழக்கத்தை ஆணையால் மட்டும் மாற்ற முடியுமா? 1989-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின.

அதில் மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. இருபத்தைந்து உழவர்கள் வாரம் ஒருமுறை, ஒரு பருவம் முழுவதும், காலையில் வயலில் கூடுவார்கள். சிறு குழுக்களாக இறங்கிப் பயிரை ஆராய்வார்கள். கண்டதைப் பெரிய தாளில் வரைவார்கள்: நடுவில் நெற்பயிர், ஒரு பக்கம் பகைப்பூச்சி, மறு பக்கம் நட்புப்பூச்சி. இந்த வாரம் மருந்து தேவையா, இல்லையா என்று படத்தைக் காட்டி வாதாடுவார்கள். ‘இது என்ன பூச்சி?’ என்று ஓர் உழவர் கேட்டால், வழிகாட்டுபவர் பெயரைச் சொல்லிவிடக் கூடாது. ‘எங்கே பிடித்தீர்கள்? அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? பக்கத்தில் வேறு என்ன இருந்தது?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். சிலந்தியையும் புகையானையும் வலைக்கூண்டில் ஒன்றாக அடைத்துவைத்து, யார் யாரைத் தின்கிறார்கள் என்று நாளெல்லாம் பார்ப்பதும் உண்டு. எழுத்தறியாதவர்க்கும் தேர்வு வைத்தார்கள். வயலில் ஒரு பூச்சியைக் காட்டி, ‘நண்பனா, பகைவனா?’ என்று கேட்டுப் பெட்டிகளை வைத்துவிடுவார்கள். வாக்களிப்பது போலச் சீட்டைப் போட வேண்டியதுதான். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை.

இதைப் படித்தபோது நம் நாட்டுப் புதுக்கோட்டை நினைவுக்கு வந்தது. 1991-இல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் பாட்டும் நாடகமும் நிறைய இருந்தன. ஆனால் இன்றும் பேசப்படுவது, கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதுதான். பெண் விடுதலை பற்றிய சொற்பொழிவை மறந்துவிடலாம். சைக்கிள் ஓட்டக் கற்ற கால் அதை மறப்பதில்லை.

மஞ்சளும் வெற்றிலையும்

இரண்டாம் முறை கூட்டத்தைப் பின்னாலிருந்து தொடங்கினேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தோட்டத்தில், இவர்கள் என்ன செய்ய வேண்டும்? முதலில் ஒன்பது செயல்கள் எழுதினேன். ஒவ்வொன்றாக அடித்து அடித்து இரண்டில் நிறுத்தினேன்: வெற்றிலை போடுமுன்னும் சோறு உண்ணுமுன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, வீடு வந்ததும் குழந்தையைத் தூக்குமுன் சேலைக்கு மேல் போட்டிருக்கும் வேலைச் சட்டையைக் கழற்றித் தனியே வைப்பது. மற்ற ஏழையும் வெட்டியதுதான் இந்த முயற்சி முழுவதிலும் எனக்குக் கடினமாக இருந்தது. நொதியின் பெயரைச் சொல்லாமல் விட மனமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே மந்தை, அதே பதினொருவர். முதலில் தேர்வு. மூக்கு, வாய், கை ஆகிய மூன்று படங்களை ஒட்டிய மூன்று தகர டப்பாக்களைத் திரைக்குப் பின்னால் வைத்தேன். ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்து, ‘மருந்து நம்ம உடம்புக்குள்ள அதிகமாப் போற வழி எது?’ என்று கேட்டேன். மூக்குக்கு ஏழு, வாய்க்கு மூன்று, கைக்கு ஒன்று விழுந்தன. மருந்தடித்த காட்டில் இவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு காய் எடுப்பது ஏன் என்று அந்தப் புளியங்கொட்டைகளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நாற்றம் வரும் வழியே நஞ்சு வரும் வழி என்பது அவர்களுடைய கணக்கு. அறிவுக்குப் பொருந்தாத கணக்கும் அன்று. முதல் கூட்டத்தில் இதை நான் கேட்கவே இல்லை. பாத்திரத்தில் ஏற்கெனவே இருப்பது என்னவென்று பாராமலே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு விளையாட்டு. வாழை மட்டைகளில் மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசி, அவற்றின் சந்துகளில் புளியங்கொட்டைகளைச் செருகிவைத்திருந்தேன். சரத்திலிருந்து காய் எடுப்பது போல எடுக்க வேண்டும். அதிகம் எடுத்தவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். ஒரே சிரிப்பும் கூச்சலும். கால் மணி நேரத்தில், “போதும், வெத்தல போட்டுக்கங்க” என்று விட்டுவிட்டேன். பையை அவிழ்த்தார்கள், முகத்தைத் துடைத்தார்கள், அத்தை ஒருவர் தலையைச் சொறிந்தார். என் அக்காள் மகன், பத்து மாதக் குழந்தை, தவழ்ந்து வந்தான், அம்மா தூக்கிக்கொண்டார்.

“இப்ப யாரும் அசையாதீங்க. ஒருத்தர ஒருத்தர் பாருங்க” என்றேன்.

கழுத்தில் மஞ்சள். வாயோரத்தில் மஞ்சள். வெற்றிலையின் முதுகில் மஞ்சள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எவர்க்கும் தெரியும். சித்தியின் சுண்ணாம்பு டப்பாவுக்குள் விரல் பட்ட இடம் செக்கச் செவேலென்று இருந்தது. அந்த விரலைத்தான் அவர் நாக்கில் வைத்திருந்தார். குழந்தையின் கன்னத்தில் அம்மாவின் நான்கு விரல்களும் பதிந்திருந்தன.

யாரும் பேசவில்லை. பேசத் துடித்த என் வாயை அடக்கிக்கொண்டு நின்றேன். கடைசியில் அம்மாதான், “அப்ப தெனமும் இப்படித்தானாடி?” என்று பக்கத்திலிருந்த மதினியிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு கூட்டம் அவர்களுடையது. பாதிப் பேர் வெறும் தண்ணீரிலும் பாதிப் பேர் சோப்புப் போட்டும் கழுவி, கைகளை அருகருகே நீட்டி ஒப்பிட்டார்கள். நகக்கண்ணில் நிற்பதைக் கண்டு, நகத்தை வெட்டினால் காய் எடுக்க வராதே என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. மஞ்சள் வெறும் மாதிரிதான். அது போவது போலவே நஞ்சும் போய்விடும் என்று எண்ணக் கூடாது என்பதை மட்டும் நான் சொன்னேன். மீண்டும் புளியங்கொட்டை போட்டபோது கைக்கு ஒன்பது, மூக்குக்கு இரண்டு. ஆனால் ஐந்து நிமிடத்தில் வரும் மதிப்பெண்ணை நம்பக் கூடாது என்று மேலே கண்டோமல்லவா? ஆகவே ஒவ்வொருவரும் அன்று வராத ஒருவருக்கு இதைச் செய்துகாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, எதையும் மறுபடி சொல்லாமலே டப்பாக்களை வைத்தேன். கைக்கு எட்டு விழுந்தன.

அன்றே புட்டிகளின் மேலுள்ள முக்கோண நிறங்களையும் காட்டினேன். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். இதற்குப் புட்டி எதையும் கொண்டுவராமல் வண்ணக் காகிதமே வெட்டினேன். ஏலக்காயை நிறம் பார்த்து, ஏழு எம்.எம்., எட்டு எம்.எம். என்று பிரித்துப் பழகிய கண்கள். ஒருமுறை சொன்னதே போதுமானதாயிற்று.

தண்ணீர்

சரி, செய்தார்களா? பதினொருவரில் ஐவர் சோப்பு கொண்டுபோய்க் கழுவினார்கள். மற்ற அறுவரும் செய்யவில்லை. ஆனால் மறந்துபோய் விடவில்லை. காய் எடுக்கும் இடத்திலிருந்து தண்ணீர் வெகு தொலைவு. போய்வந்தால் ஓய்வு நேரம் முடிந்துவிடும். எடை குறைந்தால் கங்காணி கேட்பார். மருந்தடித்த மறுநாளே அந்தக் காட்டில் இறங்குவதா வேண்டாமா என்பதும் அவர்கள் கையில் இல்லை. என் கூட்டம் இதில் எதையும் மாற்றவில்லை. கற்றுக்கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

மூன்றாம் கூட்டத்தை நான் கூட்டவில்லை. “ஏத்தா, ஞாயித்துக்கெழம மந்தைக்கு வா, தண்ணிக்கு ஒரு வழி பேசணும்” என்று பெரியம்மாதான் ஆளனுப்பினார். அங்கே எனக்கு வேலையே இல்லை. ஓரமாக உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு பாட்டில் என்றார் ஒருவர். சுமக்க முடியாது என்றார் இன்னொருவர். இருபது லிட்டர் கேன் ஒன்றை ஜீப்பிலேயே ஏற்றிப் போய், காய் எடுக்கும் தலைமாட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஐந்து ரூபாய் போட்டுச் சோப்பு வாங்கினார்கள். முகாமில் கொடுத்த துணிப்பையில் இப்போது அம்மாவின் மாற்றுச் சட்டை போகிறது.

போன வாரம் முதல் கேன் போய்வருகிறது. மூன்றாவது வளைவு திரும்புவதற்குள்ளேயே அது உருண்டு காலில் இடிக்கிறதென்று ஜீப் ஓட்டுகிற அண்ணன் சத்தம் போடுகிறாராம். கட்டிவைக்க நல்ல கயிறு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறார் அம்மா.